ஏனுங்காவின் இடது புருவம்

கோவையில் ஒரு கல்லூரி. அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளிடம் பேச என்னை அழைத்திருந்தார்கள். நான் எழுதியவற்றில் நாலு பேருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சூனியக்காரிதான் என்பதால் கேள்வியும் அவளைப் பற்றித்தான் வந்தது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றில், ஊர் ஊராகப் போய்க் காற்றைத் திருடிப் பாட்டிலில் அடைத்து வைக்கும் வில்லி அவள். பெயர் ஏனுங்கா. அந்தப் பெயரும் உருவமும் எங்கிருந்து வந்தன என்று முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். பொய் சொல்வதற்கு முன்னால் எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. 'ஏண்' என்றால் வலிமை என்று அகராதியில் இருக்கிறது, 'உங்கா' என்பது காற்றின் ஓசையைக் குறிக்கும் பழைய ஒலிக்குறிப்பு, இரண்டும் சேர்ந்தால் வலிய காற்றுக்கு அதிபதி என்றேன். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை மேடையில் நின்றபடியே செய்தேன். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வித்தியாசம் மதியச் சாப்பாடு நெருங்கும் நேரத்தில் யார் காதிலும் விழுவதில்லை. காலையிலிருந்து நூறு தடவையாவது 'ஏனுங்க' என்று சொல்லியும் கேட்டும் வந்திருக்கும் கூட்டம் அது. ஆனாலும் மைக் பிடித்தவன் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். உருவத்துக்காக உலக நாட்டார் மரபுகளில் வரும் காற்றுத் தேவதைகளை ஆராய்ந்தேன் என்றும் சொல்லிவைத்தேன். கை தட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள்.

அந்தச் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. நான் ஆராய்ந்த காற்றுத் தேவதை சிங்காநல்லூரில் எங்கள் கீழ் வீட்டில் குடியிருந்தார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய ஒருவரின் பெயர் தெரியாமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். ஆனால் அது என் திறமை மட்டுமல்ல. கூப்பிடுவதற்குப் பெயர் தேவைப்படும் ஊர்கள் இருக்கலாம். எங்கள் பக்கம் 'ஏனுங்க' போதும். அவர் எல்லாரையும் ஏனுங்க என்று கூப்பிட்டார். எல்லாரும் அவரை ஏனுங்க என்று கூப்பிட்டார்கள். கரண்ட் பில் வீட்டு உரிமையாளர் பெயரில் வந்தது. உரிமையாளர் பொள்ளாச்சியில் இருந்தார். கடிதம் எழுதுகிற உறவு கீழ் வீட்டு அம்மாவுக்கு இல்லை. ஒரே ஒரு தங்கை காங்கேயத்தில். தங்கையோடு போனில் தெலுங்கில்தான் பேசுவார். அந்தத் தெலுங்கு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும்.

அறுபதைத் தாண்டிய வயது. தனி ஆள். மூடிப்போன ஒரு மில்லில் முப்பது வருடம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவர். மில்லின் வெளி உலகம் முழுவதும் அவருடைய இடது காது வழியாகத்தான் உள்ளே வந்தது. மில் போய்விட்டது, போர்டு போய்விட்டது, ஆனால் அந்தப் பேச்சு போகவில்லை. வாசலில் நின்று நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார். உள்ளே குக்கர் கத்தும். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போவார். நாமும் இருப்போம். ஒருமுறை கீரை விற்க வந்தவர் பத்து நிமிடம் லைனில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மரியாதை என்பதை மனிதரோடு நிறுத்திக்கொள்கிற வழக்கம் அவரிடம் இல்லை. தண்ணீர் ஏறாத மோட்டாரின் அருகில் குந்தி உட்கார்ந்து, "ஏனுங்க, இன்னைக்கு முடியலீங்களா?" என்று கேட்பார். படியில் படுத்திருக்கும் தெரு நாயிடம், அப்படிக் கொஞ்சம் தள்ளிப் படுங்க என்பார். மழை விட்ட ஒரு காலையில் பின்பக்கம் தேங்காய் மட்டைக் குவியலிலிருந்து ஒரு சாரைப்பாம்பு வெளியே வந்தபோது, அக்கம்பக்கத்து ஆண்கள் அத்தனை பேரும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் எடுத்தது ஒரு கவிதைத் தொகுப்பு, கெட்டி அட்டை. அந்த அம்மா நடுவில் நின்று, "சித்த வழி உடுங்க, அவங்க போவட்டும்" என்றார். ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். பாம்பும் அவசரப்படாமல், அழைப்பிதழ் வைக்கப்பட்ட விருந்தாளி போல, எங்கள் முன்னால் போயிற்று.

ஆனால் அந்த மரியாதை ஒரு ஆயுதமும்கூட. தினமும் வாக்கிங் போகும்போது குப்பைக் கவரை எங்கள் மதிலுக்கு இந்தப் பக்கம் வீசிவிட்டுப் போகும் பெரியமனிதர் ஒருவர் இருந்தார். அந்த அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏனுங்க, உங்க கவரு எங்கூட்டுல விழுந்து போச்சுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அதற்கு மறுநாளும் கொடுத்தார். ஐந்தாம் நாள் அந்த மனிதர் வாக்கிங் பாதையையே மாற்றிக்கொண்டார். என் கதையும் அதுதான். யோசிக்கும்போது அறையில் குறுக்கும் நெடுக்கும் நடப்பது என் வழக்கம். ஒரு மதியம் கீழேயிருந்து குரல் வந்தது: "ஏனுங்க சார், மேல மாவு ஏதாச்சும் இடிக்கறீங்களா?" அன்றிலிருந்து உட்கார்ந்துதான் யோசிக்கிறேன். என் எழுத்து அதற்குப் பிறகு கொஞ்சம் தடித்துவிட்டது என்று நினைக்கிறேன். உடம்பு தடித்ததில் சந்தேகமே இல்லை.

அந்தப் புருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய இடது புருவம் எப்போதும் வலதை விட ஒரு விரற்கடை உயர்ந்தே நிற்கும். சிரித்தால் உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகும், மற்ற ஓரம் தன் இடத்திலேயே இருக்கும். நான் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்றை ஒருமுறை கொடுத்தேன். படித்துவிட்டு, நல்லா இருக்குதுங்க என்றார். அப்போதும் புருவம் அங்கேயே நின்றது. அதை நான் ஓர் இலக்கிய விமர்சனமாக எடுத்துக்கொண்டேன். மூன்று வருடம் அந்தப் புருவத்துக்குப் பயந்துதான் எழுதினேன்.

இனி பாட்டில்கள். கீழ் வீட்டுக்கு மேற்குப் பக்கம் ஒரு மதில். அதன் மேல் பதினோரு காலிச் சர்பத் பாட்டில்களை வரிசையாகக் களிமண் வைத்து நிறுத்தியிருந்தார். ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று புறப்படும். முதலில் தூரத்துத் தென்னைகள் தலையை ஆட்டும். பிறகு ஒரு சாரல் வாசனை வரும். பிறகு முதல் பாட்டில் மெல்ல முனகும். இரண்டாவது சேரும். கொஞ்ச நேரத்தில் பதினொன்றும் சேர்ந்து ஒரு நீண்ட ஊ என்ற ஓசை, எந்த வாத்தியத்திலும் இல்லாத ஒரு சுருதி, வீட்டுக்குள் புகுந்து மதியத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும். நான் பேனாவைக் கையில் வைத்தபடி எங்கோ இருப்பேன். சுவரில் கிடக்கும் வெயில் கூட லேசாக அசைவது போல் இருக்கும். கீழே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். இடுக்குகளில் பழைய துணி திணிக்கப்படும். ஊதா நிற மப்ளர் காதைச் சுற்றி ஏறும். அதற்கு மேல் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். கைகளை நுழைக்க மாட்டார். தோளில் போட்டுக் கழுத்துப் பட்டனை மட்டும் மாட்டிக்கொள்வார்.

"அவரு வாராருங்க" என்பார், மேற்கே பார்த்தபடி. காற்றுக்கும் மரியாதை. அவர் ஏன் காற்றுக்கு இத்தனை தயாராகிறார் என்று நான் கேட்கவே இல்லை. வயதானவர்களுக்குக் குளிரும் என்று முடிவு கட்டிவிட்டேன். எழுத்தாளன் கூர்ந்து கவனிப்பவன் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் கார்ட்டூன் தொடருக்கு எழுதச் சொல்லிக் கேட்டார்கள். ஸ்டுடியோ கோவையில், தயாரிப்பாளர் மும்பையில். பழைய தேவதைக் கதை போல ஒன்று வேண்டும், வில்லி புதிதாக இருக்க வேண்டும். காற்றைப் பாட்டிலில் அடைப்பவள் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்று இனி நான் விளக்க வேண்டியதில்லை. கத்தாமல், முடியைப் பிய்த்துக்கொள்ளாமல், மிக மரியாதையாக வந்து, "உங்க காத்தைக் கொஞ்சம் குடுத்துடறீங்களா கண்ணு?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவள். அவளுக்குப் பெயர் வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் 'சண்டமாருதவல்லி' என்று வைத்தேன். அந்தப் பெயரில் எனக்கிருந்த பெருமையை என் மனைவி தவிர யாரும் குறைக்கவில்லை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தைக்குத் தூக்கம் வந்துடுமுங்க என்றாள்.

உருவம் வரைய ஸ்டுடியோவிலிருந்து ஒரு வங்காளப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். தமிழ் தெரியாது. ஒரு மணி நேரம் நான் ஆங்கிலத்தில் வில்லியை விவரித்தேன். பாவம், பென்சிலை எடுக்கவே இல்லை. நான்கு மணிக்கு அவளை வழியனுப்ப இருவரும் படியிறங்கினோம். அப்போது பாட்டில்கள் முனக ஆரம்பித்தன.

அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார். மேற்கே சாய்ந்த வெயில், அதன் ஊடாகத் தூவும் சாரல், அவருக்குப் பின்னால் பதினோரு பாட்டில்களிலும் ஒரு துளி ஒளி. காற்று வந்தது. தோளில் கிடந்த ஸ்வெட்டர் இரண்டு பக்கமும் விரிந்து எழுந்தது. அதன் வெற்றுக் கைகள் சிறகுகள் போல ஆடின. மப்ளரின் நுனி தலைக்கு மேல் நின்றது. உயர்ந்த இடது புருவத்தோடு அவர் எங்களைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார்.

"ஏனுங்க, மழை வாரதுக்குள்ள கிளம்பறாங்களா?" என்று கேட்டார்.

நானும், "ஏனுங்கம்மா, இப்பத்தானுங்க காத்து ஆரம்பிக்குது" என்றேன்.

வங்காளப் பெண் படியிலேயே உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள். உலகத்தின் குழந்தைகள் பார்க்கப்போகிற முகம் அது. தாளின் கீழே ஆங்கில எழுத்தில் ஏதோ எழுதினாள். அடுத்த வாரம் மும்பைக்குப் போன தாளில் அதுதான் இருந்தது: ஏனுங்கா. நான் அந்த அம்மாவை அப்படிக் கூப்பிட்டதால் அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருக்கிறாள். வீடியோவில் வந்த தயாரிப்பாளர் அந்தப் பெயரை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். அழிந்துபோன ஏதோ ராஜ்ஜியத்தின் அரசி பெயர் போல இருக்கிறது, உங்கள் ஆராய்ச்சிக்கு நன்றி என்றார். இது எங்கள் ஊரில் பால்காரரைக் கூப்பிடுகிற சொல் என்று நான் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

தொடர் வருவதற்கு முன் சுவரொட்டி வந்தது. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தேன். மனைவி நெடுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நம்ம கீழூட்டு அம்மாவாட்ட இருக்குதுங்களே."

ஒரு சாயல் எடுத்திருக்கிறோம், அந்தப் புருவத்தில் ஒரு அகம்பாவம் இருக்கிறதல்லவா என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அகம்பாவமா? அது காத்தடிச்ச மொகமுங்க. மில்லுல போர்டுக்குப் பக்கத்து ஜன்னலு ஒடஞ்சிருந்து, ஒரு ஆடியில காதுல காத்தடிச்சு வாய் கோணிப்போச்சு. பாதிதான் சரியாச்சு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. தெருவில் கீரை விற்பவருக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், அநேகமாக அந்த நாய்க்கும் தெரியும். மப்ளர், ஸ்வெட்டர், ஜன்னல் இடுக்குத் துணி, முன்கூட்டியே ஊதி எச்சரிக்கும் பாட்டில்கள் எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றன. ஒருவரை வருத்திய நோயை எடுத்து, வரைந்து, வண்ணம் தீட்டி, அதற்கு 'தீமை' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். மும்பைக்குப் போன் செய்து புருவத்தை இறக்க முடியுமா என்று கேட்டேன். அத்தனை பகுதிகளும் வரைந்து முடிந்துவிட்டன, புருவம் பள்ளிப் பைகளிலும் அச்சாகிவிட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகு கீழ் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அவசர வேலை வந்தது.

தொடர் ஓட ஆரம்பித்து ஒரு மாதத்தில் தெரு மாறிவிட்டது. மதியம் மூன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் முன்பெல்லாம் அந்த அம்மாவின் வாசலில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். இப்போது எதிர்ச் சாரியில் நடந்தார்கள். பாட்டில்கள் ஊதினால் ஓடினார்கள். எந்த வீட்டிலாவது ஒரு மனைவி கணவனை ஏனுங்க என்று கூப்பிட்டால் உள்ளே ஒரு குழந்தை கட்டிலுக்கடியில் போனது. வேறு ஊராக இருந்தால் பிழைத்திருப்பேன். கொங்கு நாட்டில் அந்தச் சொல் இல்லாத வீடு ஏது? அந்த அம்மா சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பதை மாடியிலிருந்து ஒருநாள் பார்த்தேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

கடைசிப் பகுதிக்கு முந்தின வாரம் கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க சார், சித்த கீழ வந்துட்டுப் போறீங்களா?"

கூடத்தில் டிவி ஓசை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மோர் கொடுத்தார். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மொகம் என்றதுங்க" என்றார், விரலால் தன் புருவத்தைத் தொட்டு.

கதாபாத்திரங்கள் யாவும் கற்பனையே என்ற வாக்கியத்தை நான் எடுத்தேன். பாதியில் உள்ளே பால் பொங்கியது. "லைன்ல இருங்க" என்று எழுந்து போனார். அந்த மூன்று நிமிடத்தில் மனதுக்குள் நான்கு மன்னிப்புகளை எழுதி நான்கையும் கிழித்தேன். நான் எழுதியதிலேயே வேகமாக எழுதியவை அவைதான்.

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கோவமில்லீங்க. காத்தடிச்சு ஆறு மாசம் நான் கண்ணாடியே பாக்கலீங்க. இந்த மொகத்தை ஒருத்தரு வரைவாங்கன்னு நெனைக்கலை. அந்தப் பொண்ணு புருவத்தைச் சரியாப் போட்டிருக்குதுங்க." ஒரு பக்கம் சிரித்தார். "அப்பறம் என்னை அடிச்ச காத்து, அவரைப் புடிச்சு அவ பாட்டில்ல அடைச்சுப்போட்டா பாருங்க. அதை நெம்ப நேரம் பாத்துட்டிருந்தேனுங்க. எனக்கு ஆகலை. அவளுக்கு ஆச்சு."

நான் மோரைக் குடித்தேன். உப்பு போட மறந்திருந்தார், அல்லது எனக்கு ருசி தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றார். "அடுத்த வாரம் கடைசின்னு துண்டு துண்டாக் காட்டறாங்க. அதுல அவ கெணத்துல விழுகறப்ப 'ஒழிஞ்சு போங்கடா'ங்கறா. மொகம் என்றதுங்க. பேரு என்றதில்லைன்னாலும் என்றதுதான். அந்தப் பேச்சு என்றதில்லீங்க. முப்பது வருசம் போர்டுல எத்தனையோ பேரு என்னைத் திட்டியிருக்காங்க. நான் ஒருத்தரைக்கூட டா போட்டதில்லை. புள்ளைங்க என்னைப் பாத்து ஓடட்டும், சூனியக்காரின்னா ஓடத்தான் செய்வாங்க. என்ற வாயில அது வந்துச்சுன்னு நெனைச்சுக்கிட்டு ஓட வேண்டாமுங்க."

அந்த வரியை எழுதியவன் நான்தான். இருபத்தைந்து பகுதிகள் மரியாதையாகப் பேசியவள் கடைசியிலாவது கோபப்பட வேண்டும் என்று மும்பையில் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாத்திப்போடறேனுங்க என்று சொல்லி எழுந்தேன். எப்படி என்று தெரியாமல்தான் சொன்னேன்.

ஸ்டுடியோவில் விஷயத்தை விளக்கினார்கள். படத்தைத் தொட முடியாது. உதடுகள் ஏற்கெனவே வரைந்தாயிற்று. குரலை மாற்றலாம், ஆனால் புதிய வரி பழைய உதட்டுக்குள் அடங்க வேண்டும். ஒழிஞ்சு போங்கடா: ஆறு அசைவுகள். முதலில் உதடு குவியும், பிறகு விரியும், பிறகு மறுபடி குவியும், கடைசியில் வாய் திறந்தபடி முடியும். வங்காளப் பெண் அந்த ஆறு வாய்களையும் பெரிதாக்கித் திரையில் வரிசையாக வைத்தாள். நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பகல் முழுவதும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தோம். வாழ்க, வளர்க, வணக்கம், எதுவும் அடங்கவில்லை. காபி கொண்டுவந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் கிளம்பலாம் என்று பையை எடுத்தேன். போயிட்டு வாரேங்க என்று பழக்க தோஷத்தில் சொன்னேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். போ, குவிந்தது. யி, விரிந்தது. ட்டு, குவிந்தது. கடைசியில் 'ங்க', திறந்தபடி நின்றது. ஆறு. நான்காவது வாயில் மட்டும் ஒரு சின்னப் பொய் இருக்கிறது, கூர்ந்து பார்த்தால் இன்றைக்கும் தெரியும். மற்ற ஐந்தும் அந்த அம்மாவுக்கென்றே வரைந்தது போல் பொருந்தின. தமிழ் தெரியாத அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள்.

தயாரிப்பாளர் முதலில் ஒப்பவில்லை. தோற்றுப்போன வில்லி சபிக்காமல் விடைபெறுவதாவது என்றார். இந்த வரிக்கு நேர் அர்த்தம் என்ன என்று கேட்டார். போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று அர்த்தம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அப்படியானால் இரண்டாம் பாகம் உண்டு என்று மிரட்டுகிறாள், பிரமாதம் என்றார். நான் கண்ணாடியைக் கழற்றவில்லை. அன்றைக்குச் சொன்னது உண்மைதானே. குரல் கொடுப்பவர் பொள்ளாச்சிக்காரர். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இரண்டாம் பாகம் வரவே இல்லை. அந்த ஒரு வரி மட்டும் வந்தது. காற்றெல்லாம் பாட்டிலை விட்டுப் புறப்பட்டுப் போகிறது, கிணற்று விளிம்பில் அவள் ஸ்வெட்டர் சிறகு விரிகிறது, இடது புருவம் உயர்கிறது, ஒரு பக்கமாகச் சிரித்து, போயிட்டு வாரேங்க என்கிறாள். ஊரில் விருந்துக்கு வந்துபோகிற பெரியம்மாவைப் போல. அந்த நொடியில் எங்கள் தெருவில் எந்தக் குழந்தையும் கட்டிலுக்கடியில் போகவில்லை என்று மனைவி விசாரித்து வந்து சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்த அம்மா பையோடு கடைக்குப் போகும்போது, எதிர்ச் சாரி மதிலுக்குப் பின்னாலிருந்து, ஆள் தெரியாமல், "போயிட்டு வாங்க" என்று மூன்று நான்கு குரல்கள் கேட்டன. அவர் நின்றார். மதிலைப் பார்த்து, "வாரேனுங்க" என்றார். அடுத்த வாரம் மதிலுக்குப் பின்னால் இருந்தவர்கள் வாசலுக்குத் தண்ணீர் குடிக்க வந்தார்கள்.

மறு வருடம் தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று காங்கேயத்துக்கே போய்விட்டார். சாமான்களை வண்டியில் ஏற்ற ஆள் வைத்திருந்தார். பாட்டில்களை மட்டும் யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றினார். அதில் என் கட்டுரை வந்த தாளும் ஒன்று இருந்தது. நல்ல உபயோகம். அங்கத்திக் காத்து வறண்ட காத்துங்க, காதை ஒண்ணும் பண்ணாது என்றார். இன்றைக்காவது பெயரைக் கேட்டுவிட வேண்டும் என்று படியிறங்கினேன். "போயிட்டு வாரேனுங்க" என்றார். தொடரில் வந்ததை விட ஓர் அசை கூட. முழுசாக. விடைபெற்றுவிட்டவரிடம் பெயர் கேட்பது மரியாதையில்லை. போன் நம்பரை மட்டும் வாங்கி, 'ஏனுங்க' என்று பதிந்துகொண்டேன்.

அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. நான் அழிக்கவில்லை. அதிலிருந்து அவர் ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டார். அவர் காங்கேயம் போன அடுத்த ஆனி. மதியம் மூன்று மணி. திரையில் 'ஏனுங்க' என்று வந்ததும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். சௌக்கியம் விசாரித்தார். மேலே இன்னும் மாவு இடிக்கிறேனா என்று கேட்டார். அங்கே டிவியில் மறுபடியும் போடுகிறார்கள் என்றும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டில்தான் வந்து பார்க்கிறார்கள் என்றும் சொன்னார். அவர் அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"சார், லைன்ல இருங்க" என்றார்.

குக்கர் சத்தம் கேட்கவில்லை. ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. சாத்துகிற சத்தம் அல்ல, திறக்கும் சத்தம். போனை எதன் மேலோ வைத்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பாட்டில் முனகியது. அடுத்தது சேர்ந்தது. நான் எண்ணினேன். பதினொன்றும் வந்துவிட்டன, ஒன்றும் உடையவில்லை. அந்த நீண்ட ஓசை காங்கேயத்திலிருந்து என் காதுக்குள் வந்து, சுவரில் கிடந்த வெயிலை அசைத்தது. பக்கத்தில் எங்கோ அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. மப்ளர் கட்டியிருந்தாரா, தெரியவில்லை.

நேரமாகிக்கொண்டே இருந்தது. மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும் புருஷனை எந்த மனைவியும் சந்தேகிப்பாள்.

"யாருங்க லைன்ல?" என்றாள்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"அவருங்க" என்றேன், மேற்கே பார்த்தபடி.